ஆலை திரும்பி வருகிறது, சொல்லிக்கொடுக்கிற ஆள் எங்கே?

கேள்வி இது: "எங்கள் நிறுவனம் பதினெட்டு வருஷமாகச் சீனாவில் செய்துவந்த பிளாஸ்டிக் வால்வு பாகங்களை ஒஹாயோவுக்கே திரும்பக் கொண்டுவருகிறது. கட்டடம் தயார். மெஷின்களுக்கு ஆர்டர் போட்டாயிற்று. ஆறு மாதத்தில் 120 பேரை வேலைக்கு எடுக்கும் பொறுப்பு என்னுடையது. விளம்பரம் போட்டால் வருகிறார்கள், ஆனால் அனுபவம் உள்ளவர்கள் யாரும் இல்லை. உறுதியான ஒரு தொழிலாளர் அணியை எப்படி உருவாக்குவது?"

இன்ஜெக்‌ஷன் மோல்டிங்கில், அதாவது உருக்கிய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் அழுத்திப் பாகம் செய்யும் தொழிலில், இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். இப்படிக் கடல் தாண்டிப் போய்த் திரும்பிவந்த லைன்களை இரண்டு முறை ஓடவைக்கும் வேலையில் இருந்திருக்கிறேன். அந்த 120 பேரைப் பற்றி இப்போது கவலைப்படாதீர்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிற பத்துப் பன்னிரண்டு பேர் யார் என்று உங்களிடம் பட்டியல் இருக்கிறதா? அது இல்லாமல் ஆள் எடுக்க ஆரம்பித்தால், முதல் மூன்று மாதத்தில் பாதிப் பேர் கிளம்பிவிடுவார்கள். மீதிப் பேர் தப்பாகப் பழகியிருப்பார்கள். தப்பாகப் பழகிய கையைத் திருத்துவது புதுக் கையைப் பழக்குவதைவிடக் கஷ்டம்.

முதல் முறை எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். சீனாவில் டோங்குவானிலிருந்து அச்சுகள் கன்டெய்னரில் வந்து இறங்கின. கூடவே செட்டிங் ஷீட் வந்தது. உருகு வெப்பம், அழுத்தம், குளிரும் நேரம் என்று எல்லாம் அழகாக எழுதியிருந்தது. எங்கள் பையன்கள் பொறுப்பாக அச்சைப் பிரித்து, கழுவித் துடைத்து, மெஷினில் ஏற்றினார்கள். ஓட்டினால், பாகத்தின் ஒரே ஒரு ஓரத்தில் மட்டும் ஃபிளாஷ், அதாவது பிளாஸ்டிக் பிதுங்கி மெல்லிய இதழ் மாதிரி நிற்கிறது. அழுத்தத்தைக் குறைத்தால் மறுபக்கம் நிரம்பவில்லை. வெப்பத்தை மாற்றினோம், அச்சை இறுக்கிப் பிடிக்கும் விசையை, அதாவது கிளாம்ப் டன்னேஜை, ஏற்றினோம். மூன்று வாரம் போனது. கடைசியில், அங்கே அந்த அச்சைப் பார்த்துக்கொண்டிருந்த டெக்னீஷியனைத் தேடிப் பிடித்து, மொழிபெயர்க்க ஒருவரை வைத்துக்கொண்டு நடுராத்திரியில் வீடியோவில் பேசினோம். அவர் படத்தைப் பார்த்ததும், அச்சுக்குள் தனியாகப் பொருத்தும் இன்சர்ட் என்ற துண்டைப் பற்றி ஒரே கேள்விதான் கேட்டார்: "அந்த மூலையில் இன்சர்ட்டுக்குப் பின்னால் ஒரு பித்தளைத் தகடு வைத்திருந்தேனே, அது எங்கே?"

காகிதம் கனத்தில் ஒரு துண்டு. அச்சு தேய்ந்த இடத்தை ஈடுகட்ட அவர் பல வருஷத்துக்கு முன்னால் வைத்தது. எந்த டிராயிங்கிலும் இல்லை. எங்கள் ஆட்கள் கழுவும்போது அதைக் குப்பை என்று நினைத்து எறிந்துவிட்டார்கள். அவர்கள் மேல் தப்பே இல்லை. எங்கள் மேல்தான் தப்பு. இரும்பை வாங்கினோம், காகிதத்தை வாங்கினோம், அந்த மனிதரிடம் பேசவில்லை.

வேலை வெளிநாட்டுக்குப் போகும்போது என்ன போகிறது, என்ன மிஞ்சுகிறது என்பது இதில் இருக்கிறது. அமெரிக்காவில் உற்பத்தித் துறையில் வேலை செய்தவர்கள் 1979இல் ஏறக்குறைய 1.95 கோடிப் பேர். 2010 தொடக்கத்தில் அது சுமார் 1.15 கோடியாக இறங்கியது. அதன் பிறகு கொஞ்சம் ஏறியதே தவிர, பழைய இடத்துக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. எண்ணிக்கையை எல்லோரும் பேசுகிறார்கள். அதைவிடப் பெரிய இழப்பு நடுவில் இருந்த அடுக்கு. அச்சு செய்கிற டூல் அண்ட் டை மேக்கர், அச்சை மெஷினில் ஏற்றிச் சரிசெய்கிற செட்டர், மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியன், லைன் லீடர், இவர்கள்தான் அடுத்த தலைமுறைக்குக் கைப்பாடம் சொன்னவர்கள். செலவைக் குறைக்கும்போது கம்பெனிகள் சுலபமாக வெட்டுவது அப்ரண்டிஸ் திட்டத்தை, ஏனென்றால் அதன் பலன் இந்த வருஷக் கணக்கில் தெரியாது. மீதி இருந்தவர்கள் தலை நரைத்து ஓய்வு பெற்றார்கள். வேலை பறிபோன அப்பா தன் பிள்ளையிடம் "ஆலைப் பக்கம் போகாதே" என்றார். அந்தப் பிள்ளையிடம்தான் இப்போது நீங்கள் வேலைக்கு வா என்கிறீர்கள். அனுபவம் உள்ளவர் யாரும் வரவில்லை என்று வருத்தப்பட ஒன்றுமில்லை. அந்த அனுபவத்தைப் பெற இங்கே இடமே இல்லாமல் போய்விட்டது.

ஆக, முதல் வேலை: அங்கே லைன் நிற்பதற்கு முன்னால் உங்கள் ஆட்களை அங்கே அனுப்புங்கள். மேனேஜர்களை அனுப்ப வேண்டாம். இரண்டு செட்டர், ஒரு மெயின்டனன்ஸ் ஆள், நாளைக்கு லைன் லீடர் ஆகப் போகிற நாலு பேர். இரண்டு வாரம் சுற்றிப் பார்த்துவிட்டு வருவது போதாது. அங்கே ஷிஃப்டில் நின்று, கையால் அந்த வேலையைச் செய்து, ஒவ்வொரு அச்சுக்கும் இது போன்ற எழுதாத விஷயம் என்ன என்று கேட்டு எழுதிக்கொண்டு வர வேண்டும். அங்கே இருப்பவர்களுக்கு உங்கள் முடிவால் வேலை போகிறது என்பதை மறக்காதீர்கள். அவர்களிடம் உண்மையைச் சொல்லுங்கள். சொல்லிக்கொடுக்கும் நாட்களுக்குத் தனியாக நல்ல பணம் கொடுங்கள். முகம் பார்த்து மரியாதையாகக் கேட்டால் மனிதர்கள் தங்கள் தொழிலை மறைப்பதில்லை. பதினெட்டு வருஷம் உங்கள் பொருளைச் செய்தவர்கள் அவர்கள்.

இது பெரிய நிறுவனங்களுக்கும் பொருந்தும். தைவானின் பெரிய சிப் நிறுவனமான டிஎஸ்எம்சி அரிசோனாவில் சிப் ஆலை கட்டுவதாக 2020 மே மாதம் அறிவித்தது. அங்கே எடுத்த நூற்றுக்கணக்கான அமெரிக்கப் பொறியாளர்களை ஒரு வருஷத்துக்கும் மேலாகத் தைவானில் வைத்துப் பழக்கியது. அப்படியும் 2023 ஜூலையில், கருவிகளை நிறுவும் திறன் பெற்ற ஆட்கள் போதவில்லை என்று சொல்லி உற்பத்தித் தொடக்கத்தை 2024இலிருந்து 2025க்குத் தள்ளியது. தைவானிலிருந்து ஆட்களைக் கொண்டுவர முயன்றபோது உள்ளூர்க் கட்டுமானத் தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. எங்கள் ஆட்களைக் குறை சொல்லிவிட்டு மலிவாக வெளியாட்களை இறக்குகிறார்கள் என்பது அவர்கள் வாதம். 2023 டிசம்பரில்தான் பயிற்சி, பாதுகாப்பு பற்றி இரு தரப்பும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. என் பார்வையில் இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்தக் கருவிகளை நிறுவிப் பழகியவர்கள் உண்மையிலேயே தைவானில்தான் இருந்தார்கள். ஆனால் அதை முதல் நாளே சங்கத்திடம் வெளிப்படையாகப் பேசி, "எங்கள் ஆள் ஒருவர் பக்கத்தில் உங்கள் ஆள் இருவர், இத்தனை மாதத்தில் உங்கள் ஆள் தனியாகச் செய்வார்" என்று எழுத்தில் கொடுத்திருந்தால் அந்தச் சண்டையில் பெரும்பகுதி வந்திருக்காது.

வெளிநாட்டு நிபுணர்களை அழைப்பதாக இருந்தால் விசா விஷயத்தில் துளியும் அலட்சியம் கூடாது. 2025 செப்டம்பர் 4ஆம் தேதி ஜார்ஜியாவில் எல்லாபெல் என்ற இடத்தில், ஹூண்டாயும் எல்ஜியும் சேர்ந்து கட்டிக்கொண்டிருந்த பேட்டரி ஆலையில் குடியேற்ற அதிகாரிகள் நுழைந்து ஏறக்குறைய 475 பேரைப் பிடித்தார்கள். அதில் 300க்கும் மேற்பட்டோர் கொரியர்கள். ஆலையை எழுப்ப வந்தவர்கள் கையில் விலங்குடன் நடந்த காட்சியை உலகமே பார்த்தது. அந்த மனிதர்களுக்கு நேர்ந்த அவமானம் ஒரு பக்கம். இனி யார் மனமுவந்து சொல்லிக்கொடுக்க வருவார்கள் என்பது இன்னொரு பக்கம். உங்கள் சீன ஆலையின் டெக்னீஷியன் மூன்று மாதம் ஒஹாயோவில் இருக்க வேண்டுமென்றால், சரியான வழியில் விசா எடுக்க இன்றைக்கே ஒரு குடிவரவு வழக்கறிஞரைப் பாருங்கள். மெஷின் வந்த பிறகு பார்த்தால் காலம் கடந்துவிடும்.

இனி, "இந்த ஊர் ஆட்கள் சரியில்லை" என்று உங்கள் மேலதிகாரிகள் சொல்ல ஆரம்பிப்பார்கள். அப்போது அவர்களுக்குச் சொல்ல ஒரு கதை வைத்துக்கொள்ளுங்கள். கலிபோர்னியாவில் ஃப்ரீமான்ட் ஊரில் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ஒரு கார் ஆலை இருந்தது. வேலைநிறுத்தம், ஷிஃப்டில் குடி, ஐந்தில் ஒருவர் வேலைக்கே வராத நாட்கள் என்று கெட்ட பெயர் எடுத்த ஆலை. 1982இல் மூடிவிட்டார்கள். 1984இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக நும்மி என்ற பெயரில் அதே ஆலையைத் திறந்தன. எடுத்த ஆட்களில் ஏறக்குறைய 85 சதவீதம் அதே பழைய ஆட்கள்தான், சங்கமும் அதேதான். அவர்களில் டீம் லீடர், குரூப் லீடர் ஆகப் போகிற சுமார் 450 பேரை ஜப்பானில் டொயோட்டாவின் டகாவோகா ஆலைக்கு அனுப்பி, அங்கே லைனில் நிற்கவைத்துப் பழக்கினார்கள். வேலைக்கு வராதவர் விகிதம் இருபதிலிருந்து இரண்டு சதவீத அளவுக்கு இறங்கியது. காரின் தரம் ஜப்பானில் செய்ததற்கு இணையாக வந்தது.

மாறியது என்ன? நாலைந்து பேருக்கு ஒரு டீம் லீடர். தடுமாறினால் உதவி கேட்க லைன் ஓரத்தில் இருக்கும் கயிற்றை இழுக்கலாம், ஏன் இழுத்தாய் என்று யாரும் திட்டமாட்டார்கள், லீடர் ஓடிவந்து உதவுவார். அந்தப் பயிற்சித் திட்டத்தில் வேலை பார்த்த ஜான் ஷூக் பிற்பாடு எழுதியபோது, மனிதர்களின் மனப்போக்கை முதலில் மாற்றத் தேவையில்லை, அவர்கள் செய்யும் விதத்தை மாற்றினால் மனப்போக்கு தானாக மாறும் என்கிற பொருளில் சொன்னார். ஜெனரல் மோட்டார்ஸ் இதையே வான் நைஸ் ஆலையில் செய்துபார்த்தது. கயிறு, டீம் எல்லாம் வந்தன, கூட நிற்கும் ஆள் மட்டும் வரவில்லை. எடுபடவில்லை, 1992இல் அந்த ஆலை மூடப்பட்டது.

சொல்லிக்கொடுக்கும் முறையையும் நீங்கள் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் திறமையாளர்கள் போர்முனைக்குப் போக, ஆலைக்குள் கால் வைத்தே பழகாதவர்கள், அதில் நிறையப் பெண்கள், லைனுக்கு வந்தார்கள். அவர்களைச் சீக்கிரம் பழக்க அரசாங்கம் 1940இல் டிடபிள்யூஐ (டிரெய்னிங் விதின் இண்டஸ்ட்ரி) என்ற ஆலைப் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. 1945க்குள் 16 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் தேறினார்கள். போர் முடிந்ததும் அமெரிக்கா இதைக் கைவிட்டது. ஜப்பானை நிர்வகித்த அமெரிக்கர்கள் வழியாக அது அங்கே போய், டொயோட்டாவில் வேர் பிடித்தது. 1984இல் ஃப்ரீமான்ட் ஆட்கள் ஜப்பானில் போய்க் கற்றுக்கொண்டதில் ஒரு பகுதி அவர்கள் தாத்தா காலத்தில் அவர்கள் நாட்டிலேயே எழுதப்பட்டது.

அதன் சாரம் நாலு படிதான். கற்பவரைத் தயார்செய், செய்து காட்டு, செய்யவைத்துப் பார், தனியே விட்டுவிட்டு அடிக்கடி போய்ப் பார். கற்பவர் கற்கவில்லை என்றால் கற்பித்தவர் கற்பிக்கவில்லை என்று அந்தக் காலத்துக் கையடக்க அட்டையிலேயே போட்டிருப்பார்கள். வேலையைப் பிரித்து மூன்று பத்தியாக எழுத வேண்டும்: என்ன செய்கிறோம், எதைக் கவனிக்க வேண்டும், ஏன். உங்கள் வால்வில் ஓ-ரிங், அதாவது கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம், பொருத்துவதை எடுத்துக்கொள்ளுங்கள். "ஓ-ரிங்கைப் பள்ளத்தில் வை" என்றால் எல்லோரும் வைத்துவிடுவார்கள். கவனிக்க வேண்டியது: வைத்த பிறகு ஆள்காட்டி விரலை ஒரு சுற்று ஓட்டு, முறுக்கு இருந்தால் விரலில் தட்டும். ஏன்: முறுக்கோடு மூடினால் இன்றைக்கு ஒழுகாது, ஆறு மாதம் கழித்து யாரோ ஒருவர் வீட்டில் ஒழுகும். நான் பழக்கிய ஒரு பெண், அதற்கு முன் பள்ளிக்கூட உணவகத்தில் வேலை பார்த்தவர், இந்த மூன்றாவது பத்தியைக் கேட்டுவிட்டு, "இதை முதலிலேயே ஒருத்தராவது சொல்லியிருந்தால் நான் அந்த இன்னொரு ஃபேக்டரியை விட்டுப் போயிருக்க மாட்டேன்" என்றார். காரணம் சொல்லாமல் கட்டளை மட்டும் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

செட்டர், மெயின்டனன்ஸ் ஆட்களை நாலு நாளில் பழக்க முடியாது. அதற்கு, இரண்டு வருஷப் படிப்பு தருகிற உங்கள் ஊர்க் கம்யூனிட்டி கல்லூரிதான் வழி. கென்டக்கியில் டொயோட்டா 2010இல் தொடங்கிவைத்த ஃபேம் திட்டத்தைப் பாருங்கள். மாணவர் வாரத்தில் இரண்டு நாள் வகுப்பு, மூன்று நாள் ஆலை, ஆலை நாட்களுக்குச் சம்பளம். இரண்டு வருஷத்தில் மின்சாரம், ஹைட்ராலிக்ஸ், ரோபாட், பழுது கண்டுபிடித்தல் எல்லாம் கைக்கு வந்துவிடும். நேரத்துக்கு வருவது, பேசும் விதம் எல்லாவற்றுக்கும் மதிப்பெண் உண்டு. சேர்ந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் நாலு பேர் முடிக்கிறார்கள், கம்யூனிட்டி கல்லூரிகளில் இது அபூர்வம். முக்கியமானது, பல கம்பெனிகள் சேர்ந்து நடத்துவது. உங்கள் அளவுக்குத் தனியாக முடியாது. பக்கத்து ஆலைக்காரரைப் போட்டியாளர் என்று பார்க்காமல், அவர் மூன்று பேர், நீங்கள் மூன்று பேர் என்று அனுப்புங்கள். நான் இங்கே வருவதற்கு முன் அம்பத்தூரில் ஒரு டூல் ரூமில் ஆறு மாதம் அரம் பிடித்து இரும்பைச் சதுரமாக்கிக்கொண்டே இருந்தேன். அந்த ஆறு மாதத்துக்கும் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள், அதனால்தான் நான் இந்தத் தொழிலில் இருக்கிறேன். முதல் கூட்டம் வெளியே வர இரண்டு வருஷமாகும், ஆகவே இந்தச் செப்டம்பர் வகுப்புக்கே ஆள் சேருங்கள்.

சம்பளத்தைப் பற்றிச் சுருக்கமாக. உங்கள் போட்டி வேறு மோல்டிங் கம்பெனி இல்லை, நெடுஞ்சாலை ஓரத்துக் கிடங்குதான். அங்கே ஒரு மணிக்குக் கிடைப்பதைவிடக் குறைத்துக் கொடுத்து நிரந்தர ஆள் கிடைக்க மாட்டார். அடிப்படைக் கூலியைவிட நான் பெரிதாக நினைப்பது ஏணியை: எந்த வேலை தெரிந்தால் எவ்வளவு ஏறும் என்பதைச் சுவரில் ஒட்டுங்கள். கற்பிப்பவருக்குத் தனிப்படி கொடுங்கள். உற்பத்தி எண்ணிக்கையையும் அவர் தலையில் கட்டி, பாடமும் நடத்தச் சொன்னால் பாடம்தான் விழும். குழந்தையைப் பள்ளியில் விட்டுவிட்டு வர முடிகிற மாதிரி ஒரு ஷிஃப்டாவது வையுங்கள். ஏஜென்சி மூலம் தற்காலிக ஆட்களை எடுத்து லைனைத் தொடங்க மட்டும் தொடங்காதீர்கள். அடித்தளம் போடும் நேரத்தில் அது மணல்.

120 என்ற எண்ணையும் நான் அப்படியே ஏற்கமாட்டேன். கென்டக்கியில் லூயிவில் நகரில் ஜிஇயின் (ஜெனரல் எலெக்ட்ரிக்) வீட்டுச் சாதன ஆலை வளாகமான அப்ளையன்ஸ் பார்க் 1973இல் 23,000 பேர் வேலை செய்த இடம். 2011இல் 2,000 பேருக்கும் குறைவு. சீனாவில் செய்துவந்த ஜியோஸ்ப்ரிங் என்ற வாட்டர் ஹீட்டரை 2012இல் அங்கே திரும்பக் கொண்டுவந்தார்கள். அதற்கு முன் வடிவமைப்பாளர், லைன் தொழிலாளி, மார்க்கெட்டிங் ஆள் எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து அந்தப் பொருளைப் பிரித்துப்போட்டுப் பார்த்தார்கள். உள்ளே செப்புக் குழாய்கள் பற்றவைக்கவே முடியாதபடி பின்னிக் கிடந்தன. அடுத்த கண்டத்தில் யாரோ பற்றவைத்துக்கொண்டிருந்தவரை அந்தச் சிக்கல் வடிவமைப்பாளர் காதுக்கே வரவில்லை. பிரித்து எளிதாக்கினார்கள். பத்து மணி நேரம் பிடித்த அசெம்பிளி இரண்டு மணி நேரமானது, பொருள் செலவு கால்பங்கு குறைந்தது, 1,599 டாலருக்கு விற்றது 1,299 ஆனது. சில வருஷம் கழித்து அந்த மாடலையே நிறுத்திவிட்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். லைன் நன்றாக ஓடுவதும் பொருள் விற்பதும் வேறு வேறு. ஆனால் அதே பார்க்குக்குச் சீனாவிலிருந்து துணிதுவைக்கும் மெஷின் உற்பத்தியைக் கொண்டுவர 2025இல் 49 கோடி டாலர் அறிவித்திருக்கிறார்கள், 800 வேலை. உங்கள் வால்வையும் முதல் ஏழெட்டு ஆபரேட்டர்கள் கையில் கொடுத்து, எங்கே கை இடிக்கிறது என்று கேளுங்கள். 120 பேர் 80 ஆகலாம். அந்த 80 பேருக்கு நல்ல கூலி கொடுக்கப் பணம் அங்கிருந்தே வரும்.

சப்ளையர்களின் ஆட்களையும் எண்ணிப் பாருங்கள். ஆப்பிள் நிறுவனம் மேக் ப்ரோ கம்ப்யூட்டரை டெக்சாஸில் ஆஸ்டினில் செய்யப்போனபோது ஒரு சின்னத் திருகாணியில் மாட்டிக்கொண்டது. உள்ளூரில் அதைச் செய்த பட்டறையில் இருபது பேர்தான், ஒரு நாளைக்கு ஆயிரத்துக்கு மேல் ஓட்ட முடியவில்லை. உங்கள் அச்சு பழுதானால் நூறு மைலுக்குள் யார் வெல்டு போட்டுத் தேய்த்துக் கொடுப்பார்? அந்தப் பட்டறை முதலாளிக்கு வயது என்ன, அவருக்குக் கீழே பையன் யாராவது பழகுகிறானா? போய் ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள். ஓய்வு பெற்ற டை மேக்கர்கள் யார் யார் என்று அவருக்குத் தெரியும். வாரம் இரண்டு நாள், கையில் ஸ்பேனர் எடுக்க வேண்டாம், நின்று பார்த்துச் சொன்னால் போதும் என்று கூப்பிட்டால் வருவார்கள். எங்களுக்கு வந்தவருக்கு எழுபத்தொரு வயது. பிரஸ் மூடும் சத்தத்தைக் கேட்டே அச்சின் இரு பாதியையும் நேராக்கும் கைட் பின் எண்ணெய் இல்லாமல் காய்ந்திருக்கிறது என்பார். அவர் பக்கத்தில் இரண்டு பேரை நிற்கவைத்தோம்.

ஆறு மாதம் போதாது என்று இப்போதே எழுத்தில் சொல்லிவிடுங்கள். அங்கே கடைசி ஷிஃப்ட் முடியும் தேதியை நாலு மாதமாவது தள்ளிவைக்கச் சொல்லுங்கள், இரண்டு இடமும் சேர்ந்து ஓடட்டும். அந்தச் செலவைப் பார்த்துத் திகைப்பார்கள். எங்கள் மூன்று வாரத்து ஸ்கிராப் கணக்கு, அதாவது வீணான பாகங்களின் கணக்கு, வேண்டுமானால் தருகிறேன், காட்டுங்கள். இரண்டாவது முறை நாங்கள் அப்படித்தான் செய்தோம். நாலு பேர் போய் ஏழு வாரம் இருந்தார்கள். ஒவ்வொரு அச்சுக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டுக்கொண்டு வந்தார்கள். முதல் தடவை எறிந்த அந்தப் பித்தளைத் தகட்டின் கனமும் இப்போது டிராயிங்கில் ஏறியிருக்கிறது, பக்கத்தில் அதை வைத்தவர் பெயரும்.